உப்பில்லாமல் ஊர் சுற்றியவர்

சண்முகவேல் அண்ணாச்சி காலமான செய்தியை அவருடைய மகள் கவிதாதான் போனில் சொன்னாள். புனேயில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. "அங்கிள், அப்பா காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க. பெயின் எதுவும் இல்ல," என்றாள். அப்புறம் இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டாள். நான் அப்போது வடாபாவ் கடை வாசலில், கையில் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி பார்த்திருந்தால், "துக்கச் செய்தி வரும்போதும் உம்ம கையில தீனிதானா?" என்று கேட்டிருப்பார்.

கசார்வாடியில் எங்கள் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், கோர்படியில் அவர் வீட்டுப் பக்கம் குடியிருந்தவர்கள், எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் உப்பே சேர்க்காத மனுஷன். அதற்கு முந்தைய அண்ணாச்சியை நான் அறிவேன். தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் சர்வீஸ் பிரிவு. கரும்பாலைகளில் எங்கள் பம்ப் படுத்துவிட்டால் சாங்கிலி, சோலாப்பூர், கோலாப்பூர் என்று பஸ் ஏறிவிடுவோம். அவருடைய டூல் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே திருநெல்வேலியிலிருந்து வந்த மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். வெறும் சோறு கிடைத்தால் போதும், அதை வைத்தே ஒரு பிடி பிடித்துவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. கிட்னி பாதி கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். உப்பை அறவே விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் என்று சொல்லி, ஊர் ஊராகப் போய்க் கண்ட இடத்தில் சாப்பிடும் வேலையை விட்டுவிடவும் சொன்னார். மேனேஜர் நல்லவர்தான். "ஸ்டோரில் உட்கார்ந்துகொள்ளுங்கள்" என்றார். அண்ணாச்சி கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு கரும்பு சீசன் அவகாசம் வாங்கினார். அது முடிந்ததும் ரத்தப் பரிசோதனை. மோசமாக இருந்தால் ஸ்டோர். "நின்னுபோன பம்ப் மறுபடி தண்ணி தூக்குற சத்தம் இருக்குல்லா, அதைக் கேக்காம என்னால இருக்க முடியாதுவே," என்றார். ஊறுகாய் பாட்டிலை என் பைக்கு மாற்றினார்.

முதல் பயணத்துக்கு மதினி, அதாவது அவர் மனைவி செல்வி, உப்பில்லாத இட்லி கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தால் நூல் விட்டிருந்தது. சோலாப்பூர் ரோட்டில் ஒரு டாபாவில் நான் காரசாரமான பயறு மிசல் சாப்பிட, அவர் எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து அடுப்புப் பக்கம் போனார். அங்கே ஒருவர் சோள மாவைப் பிசைந்து பாக்ரி தட்டிக்கொண்டிருந்தார். மாவில் உப்பு உண்டா என்று அண்ணாச்சி தன் ஓட்டை இந்தியில் கேட்டதும் அந்த ஆள் சிரித்துவிட்டார். "பாக்ரியில் யாராவது உப்புப் போடுவார்களா?"

இத்தனை வருஷம் மகாராஷ்டிரத்தில் இருந்தும் எங்களுக்கு அது தெரியாது. வறட்டு ரொட்டி என்று நாங்கள் தொட்டதே கிடையாது. அண்ணாச்சி இரண்டு பாக்ரியைத் தயிரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, லாட்டரி விழுந்தவர் மாதிரி வந்தார். "இனிமே எந்த ஊருக்கும் போவலாம்வே. அடுப்பு எரியுற இடமெல்லாம் நம்ம ஓட்டல்தான்."

ஆனால் ஓட்டலைச் சமாளிப்பது போல வீடுகளைச் சமாளிக்க முடியாது. சோலாப்பூர்ப் பக்கம் ஓர் ஆலையின் என்ஜினியர் தேஷ்முக், வேலை முடிந்தால் எங்களை வீட்டுச் சாப்பாடு சாப்பிடாமல் அனுப்பமாட்டார். அண்ணாச்சி உப்புச் சேர்ப்பதில்லை என்று நான் முன்கூட்டியே போனில் சொல்லிவைத்தேன். போய் உட்கார்ந்தால், அவர் தட்டில் மட்டும் நெய் மணக்க ஜவ்வரிசிக் கிச்சடி. சாதாரண உப்பு வேண்டாம் என்றால் அங்கே அது உபவாசம். உபவாசம் என்றால் ஜவ்வரிசி, வேர்க்கடலை, இந்துப்பு. தேஷ்முக்கின் மனைவியை நாங்கள் வஹினி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெருமையாகச் சொன்னார்: "பயப்படாமல் சாப்பிடுங்கள், இந்துப்புதான் போட்டிருக்கிறேன். எந்தச் சாமிக்கு விரதம்?"

எனக்கு வேர்த்துவிட்டது. அந்தம்மா காலையிலிருந்து ஊறவைத்துச் செய்திருக்கிறார். நானாக இருந்தால் நாலு வாய் தின்றுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அண்ணாச்சி தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வஹினி, இது விரதம் இல்லை, வியாதி. எந்த உப்பும் எனக்கு ஆகாது. உங்கள் கையால் சூடாக ஒரு பாக்ரி தட்டிக் கொடுங்கள், கொஞ்சம் தயிரும் வேண்டும். அதற்காகத்தான் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்தேன்," என்றார். வஹினியின் முகம் வாடத் தொடங்கியது; வாடி முடிப்பதற்குள் அவர் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். உள்ளே மாவு தட்டும் சத்தம் கேட்டது. கிச்சடியை என் பக்கம் தள்ளினார் அண்ணாச்சி. நான் குறை வைக்கவில்லை.

திரும்பும் வழியில், எப்படி உமக்கு அந்தத் தைரியம் என்று கேட்டேன். "வேண்டாம்னு மட்டும் சொன்னா அவங்க மனசு சுருங்கிரும். அதே மூச்சுல இன்னொண்ணைக் கேட்டு வாங்கணும். குடுக்கணும்னு வந்த கை சும்மா திரும்பிரக் கூடாதுல்லா," என்றார். பிறகு எத்தனையோ வீடுகளில் அவர் இதைச் செய்வதைப் பார்த்தேன். ஒரு வீட்டில் வெள்ளரிக்காய் கேட்பார், இன்னொரு வீட்டில் வெறும் சோறு கேட்பார். கேட்டு வாங்கியதால் எல்லா வீட்டிலும் அவருக்குத்தான் செல்லம். நான் ருசித்துச் சாப்பிட்டு என்ன புண்ணியம்?

அவர் இரும்பு மனுஷன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பஸ்ஸில் என்னிடம், "அந்தப் பாட்டிலைத் திறவும்," என்பார். மூடியைத் திறந்து நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். "நீரு தின்னும், நான் பாக்குதேன்." நானும் கிண்டல் செய்துகொண்டே தின்பேன். ஒருமுறை கோலாப்பூரிலிருந்து வரும்போது, மோந்துவிட்டுப் பாட்டிலை வெகுநேரம் திருப்பித் தரவில்லை. "பயமா இருக்குவே. கை தானா உள்ள போயிருமோன்னு இருக்கு," என்றார். நான் வாங்கி மூடி, சன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்து ரிப்போர்ட் வந்தது. கிட்னி அதற்கு மேல் கெடாமல், கெட்ட இடத்திலேயே நின்றிருந்தது. "எப்படிச் சாதித்தீர்கள்?" என்று டாக்டரே கேட்டார். ஸ்டோரில் வேறு ஆளைப் போட்டார்கள். ரிட்டையர் ஆகும்வரை அண்ணாச்சி டூல் பையோடு பஸ் ஏறினார். கடைசிவரை டயாலிசிஸ் மெஷினில் படுக்கவில்லை. அவரைக் கொண்டுபோனது இதயம், கிட்னி அல்ல. அதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

காரியம் முடிந்த அன்று கோர்படி வீட்டில் சாப்பாடு. ஆள் வைக்க வேண்டாம் என்று சொல்லி மதினியே சமைத்திருந்தார்கள். முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது. சாம்பாரில் உப்பில்லை, கூட்டில் இல்லை, எதிலும் இல்லை. அந்த வீட்டில் அவருக்காக எல்லோருக்கும் ஒரே சமையல். மற்றவர்கள் தட்டில் உப்புப் போட்டுக்கொள்வார்கள். அத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன் போக்கில் செய்திருக்கிறது. பந்தியில் இருந்தவர்கள் இலை ஓரத்து உப்பை ஓசைப்படாமல் எடுத்துப் பிசைந்துகொண்டார்கள். மதினி வாளியோடு வந்தபோது, இலைகளில் உப்பு காணாமல் போயிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"உப்புப் போடல போலுக்கே. அவியதான் இல்லையே, இன்னும் யாருக்காவ இப்படிச் சமைச்சேன்?" என்று மெல்லக் கேட்டார்கள். பரவாயில்லை, பரவாயில்லை என்று நாலு பேர் சொன்னார்கள். அது மதினி காதில் ஏறவில்லை. கவிதா உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். என் இலையில் மட்டும் உப்பு வைத்தது வைத்தபடி இருந்தது.

"எனக்கு உப்பு வேண்டாம் மதினி. இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்துங்க," என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார்கள். யாருடைய பேச்சு அது என்று அவர்களுக்குத் தெரியாதா? குனிந்து ஊற்றினார்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பேச்சு ஒன்றைத்தான். இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒவ்வொரு வாயும் சப்பென்று இறங்கியது. இதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இந்த மனுஷன் இத்தனை காலம் என் எதிரே உட்கார்ந்து, நான் ஊறுகாய் தின்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.