ஃபிரிஸ்கோவில் பார்த்த அருந்ததி

பக்கத்து வீட்டு ஃபரீதேயிடம் எதைக் கேட்டாலும், ஒரு விரலைக் கண்மேல் வைத்து "சஷ்ம்" என்பார். நாங்கள் ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்த புதிதில், ஊருக்குப் போகிறோம், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன். கண்ணைத் தொட்டார். பாவம், கண்வலி போலிருக்கிறது என்று சொட்டு மருந்தோடு போய் நின்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பாரசீகத்தில் "சஷ்ம்" என்றால் கண் என்று பொருளாம். உன் சொல் என் கண்மேல், அப்படியே செய்கிறேன் என்பது வழக்கமாம். ஈரானில் கல்லூரியில் பழைய நூல்களை நடத்தியவர் அவர். நான் பத்தாவது தாண்டாதவள். அரைகுறை இங்கிலீஷில்தான் எங்கள் சிநேகிதம்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது, ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். கார் இல்லாமல் ஒரு பால் டப்பா வாங்க முடியாத ஊர் இது. சாவியைக் கொடுத்துவிட்டால் இன்னொருவர் ஏற்றி இறக்கும் மூட்டையாகிவிடுவோம் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் பின்சீட்டில் பேத்தி நிலா உட்கார்ந்திருக்கிறாளே! போன மாதம் நடைபாதையில் ஏற்றி எங்கள் தபால்பெட்டியையே சாய்த்தார். வெயில் கண்ணில் அடித்ததாம். அடுத்த வாரம் நிலா அழுதுகொண்டே வந்தாள். "பாட்டி, ஐ டோல்ட் ஹிம் த சிக்னல் வாஸ் ரெட்! தாத்தா டிடின்ட் ஸ்டாப்!"

மகளிடம் சொன்னேன். "அம்மா, லைசென்ஸ் வேலிட்தானே? எனக்கு மீட்டிங் இருக்கு. ஸ்கூல் பிக்கப் யாரு பண்ணுவா? ஓவரா திங்க் பண்ணாதே." கோயிலிலோ, "அங்கிள் இந்த வயசுலயும் என்னமா டிரைவ் பண்றார்!" என்று பாராட்டு. இவர் பூரித்துப்போய் நிற்கிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "என் கண்ணுக்கு என்னடி? உன் வாய்தான் நீளம்" என்கிறார். அனுமார் சந்நிதியில் நின்று அழுதேன். பிறகு ஃபரீதேயிடம் போய் அழுதேன்.

அவர்கள் ஊரில், குழந்தை பிறந்தால் வானத்தில் ஒரு நட்சத்திரம் ஏறும், உயிர் போனால் அது விழும் என்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாம் சப்தரிஷி என்பதை அவர்கள் ஏழு சகோதரர்கள் என்கிறார்கள். வாலில் இருக்கும் மூன்றில் நடு நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொடி நட்சத்திரம் உண்டு; அதன் பெயர் சோஹா. அது தெரிகிறதா என்று கேட்டுத்தான் அந்தக் காலத்தில் கண்ணைச் சோதிப்பார்களாம். பழைய வானநூல்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் அருந்ததி!

திருச்சியில் எங்கள் கல்யாணத்தில் புரோகிதர் சுட்டெரிக்கும் வெயிலில் மண்டப வாசலுக்குக் கூட்டி வந்து, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்டார். இவர் நிமிராமலே "தெரியுது" என்றார். நானும் சொன்னேன். சாஸ்திரத்தின் மேல் குற்றமில்லை. அது பார்க்கத்தான் சொல்கிறது. பார்க்காமலே தலையாட்டப் பழகியது நாம்.

அன்று இருட்டியதும் இவரை வீட்டு வாசல் டிரைவ்வேக்கு அழைத்து வந்தேன். ஃபரீதேயும் வந்தார். அந்த ஏழில், வால் நடுவில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று கேட்டார்.

"ரெண்டு. வசிஷ்டர், அருந்ததி" என்றார் இவர், டக்கென்று. விரல் எதிர்வீட்டுக் கூரையைக் காட்டியது. சப்தரிஷி எங்கள் முதுகுக்குப் பின்னால், வடக்கே இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தானே சொன்னீங்க!"

"நீயும்தானே சொன்னே?"

"நான் கார் ஓட்டலியே!"

ஃபரீதே இவர் தோளைப் பிடித்து வடக்கே திருப்பினார். இவர் வெகுநேரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏழும் எங்கடி இருக்கு?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டினேன். சாவி வந்தது. நாளையிலிருந்து நிலாவை நீங்கள் அழைத்து வர முடியுமா என்று ஃபரீதேயைக் கேட்டேன். விரல் கண்மேல் போனது.

அப்போதுதான் நானும் அண்ணாந்து பார்த்தேன். வால் நடு நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டு. திருச்சியில் பார்த்துவிட்டேன் என்று சொன்னதை இங்கேதான் பார்க்கிறேன். "அருந்ததி" என்று கும்பிட்டேன். "சோஹா" என்றார் ஃபரீதே. இவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.