கரண்டு போஸ்ட்

வாளையார் சோதனைச் சாவடியில் லாரிக்காரர்கள் கேபினை விட்டு இறங்காமலே செல்வப்பிரியாவிடம் காகிதத்தை நீட்டலாம். அவள் எக்கவும் வேண்டாம், அவர்கள் குனியவும் வேண்டாம். சிமெண்டு ஏற்ற வாரம் தவறாமல் வருகிற ஒரு டிரைவர், தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஏனுங்க மேடம், சாவடியக் கட்டிட்டு உங்களைத் தேடுனாங்களா, இல்ல உங்களைப் பாத்துட்டுச் சாவடியக் கட்டுனாங்களா?"

"ரெண்டும் ஒரே நாள்லதானுங்க நடந்துச்சு. வண்டிய எடுங்க, பின்னாடி நிக்கறாங்க."

இதே கேலியின் வேறு வேறு உருவங்களைக் கேட்டுக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள். பாலக்காட்டுப் பக்கத்துப் பெருமாட்டி பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கரண்டு போஸ்ட்' என்று பெயர். பதிமூன்று வயதில் அப்பா காளிச்சாமியின் தோளைத் தாண்டிவிட்டாள். அந்த வருடம்தான் ஒரு பயிற்சியாளர் பள்ளிக்கு வந்து, அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கூடைப்பந்து மைதானத்தில் வளையத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கயே நில்லு. பந்து மேல வரும். பிடி, திரும்பு, போடு. தட்டாதே."

வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற அந்த இடத்துக்கும் ஆட்டக்காரர்கள் போஸ்ட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பந்தைத் தரையில் தட்டி ஓட்டிக்கொண்டு வருவது குட்டையான பெண்களின் வேலை. செல்வப்பிரியா நின்றாள். மாவட்டத்துக்கு நின்றாள், மாநிலத்துக்கு நின்றாள், பிறகு நாட்டுக்காக நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருடக்கணக்காக நின்றாள். ஒருமுறை வெளிநாட்டில் நடந்த போட்டியில், அவளைவிட அரைத்தலை உயரமான ஒரு பெண் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். இவளை இவள் ஊரில் யாரும் நிறுத்தி வைக்கவில்லை போலிருக்கிறது என்று செல்வப்பிரியாவுக்குத் தோன்றியது. அதற்குள் அவளுக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. வலது முட்டியும் கெட்டுவிட்டிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. சாவடியில் நின்றாள்.

தேசிய அணியை அடியிலிருந்து கட்டி எழுப்ப ஒரு நீண்டகாலத் திட்டம் என்று கூடைப்பந்துச் சங்கத்தில் பேச்சு வந்தது, அவளுக்குத் தெரிந்து இது மூன்றாவது தடவை. முதல் திட்டம் செயலாளர் மாறியதும் நின்றது. இரண்டாவதில் பந்துகள் வந்து சேர்ந்தபோது திட்டம் போய்விட்டிருந்தது. மூன்றாவதில், எல்லையோரத்து ஊர்களுக்கு அவளைப் பொறுப்பாளராகக் கேட்டார்கள். அவள் சரி என்று சொன்ன அன்று, தோப்பிலிருந்து வந்த கணவன் அருள்குமார் வாசலிலேயே நின்று சிரித்தான்.

"ஏம்புள்ள, மறுக்கா கெளம்பீட்டயா? உங்க மொதத் திட்டம் வந்தப்ப வெச்ச தென்னை இப்பக் காய்ச்சு வெட்டிப் போட்டாச்சு."

"தென்னைய நீங்க வருசா வருசம் புடுங்கிப் பாக்கலீல்ல. அதான் காய்ச்சுது."

சங்கத்திடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பதினெட்டு வயது வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் மைதானத்தில் இன்ன இடம் என்று குறிக்கக் கூடாது. உயரமானவளும் பந்தைத் தட்டிப் பழக வேண்டும், குட்டையானவளும் வளையத்தடியில் மோதிப் பழக வேண்டும். அதுவரை அவர்களைப் பெரிய போட்டிக்கு இழுக்கவும் கூடாது. கூட்டத்தில் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அந்த வேகத்திலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவள் பொறுப்பில் இருந்த பயிற்சி மையங்களில் தூரமானது சக்குபள்ளம். பாலக்காட்டில் பஸ் ஏறினால் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி ஓடி, குமுளியில் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். பஸ்ஸில் எந்த இருக்கையிலும் அவள் கால் அடங்காது. காலை நடைபாதையில் நீட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதிப்பார்கள், மடக்கினால் முட்டி கத்தும். மாதம் இரண்டு தடவை அப்படித்தான் போய் வந்தாள். அங்கே டிஜோ என்கிற விளையாட்டு ஆசிரியர் தினமும் காலையில் பிள்ளைகளை ஓட வைத்தார். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டை. மைதானம் பஞ்சாயத்துடையது. சிமெண்டுத் தரையில் பனி இறங்கினால் பந்து சோப்பாக வழுக்கும்.

அங்கேதான் சிவசங்கரி இருந்தாள். ஏலத் தோட்டத்தில் வேலை செய்கிற பெரியமுத்து, சுருளியம்மாள் தம்பதியின் மகள். பதிமூன்று வயது. ஆறடிக்கு விரற்கடை குறைவு. முதல் நாள் அவள் பந்தைத் தட்டியதைப் பார்த்துச் செல்வப்பிரியா கையிலிருந்த டீயை மறந்தாள். இத்தனை உயரமான பெண் இடுப்பை இறக்கி, முதுகைத் தாழ்த்தி, தரைக்கும் கணுக்காலுக்கும் நடுவில் பந்தை வைத்துக்கொண்டு போனாள். யாராலும் அதைப் பறிக்க முடியவில்லை.

"இப்படிக் குனிய எங்கே கண்ணு பழகுனே?"

"ஏலக்கா தூர்ல தானக்கா காய்க்கும். லீவுக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டு போனா, அம்மா கூடவே குந்திக் குந்திப் போவேன். நிமிந்தா செடித் தட்டை மொகத்துல அடிக்கும்."

இரண்டு வருடம் போனது. சிவசங்கரிக்கு இடது கையும் வலது கையைப் போலவே பழகியது. இன்னும் மூன்று வருடம் யாரும் இவளைத் தொடாமல் இருந்தால் போதும் என்று செல்வப்பிரியா பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலையில் ஜிபி வந்தார். சங்கத்தின் தேர்வாளர், கொச்சிக்காரர், ஒரு காலத்தில் அவளோடு முகாம்களில் இருந்தவர். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் வளையத்தடியில் நிற்கிறவளுக்குக் கால் முறிந்துவிட்டது. அக்டோபரில் ஆசியப் போட்டி.

"சம்மதிக்கணும் செல்வா. நல்ல பொக்கம்!" என்று காரை விட்டு இறங்கும்போதே சிவசங்கரியின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். "மூணு மாசம். அப்புறம் திருப்பித் தந்திடறேன்."

"பதினெட்டு வயசு வரைக்கும் தொடக் கூடாதுன்னு நாமதானுங்க பேசினோம்."

"பேசினது சரி. அக்டோபர் வந்திடுச்சே."

ஜிபி சிவசங்கரியை வளையத்தடியில் நிறுத்திப் பந்தை உயர வீசினார். அவள் தாவிப் பிடித்தாள். பிடித்த அடுத்த நொடி பந்தைத் தரைக்கு இறக்கித் தட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். மறுபடி வீசினார், மறுபடி ஓடினாள். கூடியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தட்டண்டா மோளே, தட்டண்டா!" என்று ஜிபி கத்தினார்.

தட்டாதே என்பதை எந்த மொழியில் சொன்னாலும் செல்வப்பிரியாவின் முட்டிக்குப் புரிந்தது.

"நீ இவளைக் கெடுத்து வச்சிருக்கே," என்றார் ஜிபி, கோபமில்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேல இருக்கறவங்களுக்குக் காட்ட ஒரு பொண்ணு வேணும் செல்வா. ரெண்டு வருஷமா ஒருத்தியும் வரலேன்னா, இந்த சென்டர் எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

அவர் மிரட்டவில்லை. அவரும் யாரிடமோ பதில் சொல்ல வேண்டியவர்தான். அது தெரிந்ததால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை. பெற்றவர்களைக் கேட்போம் என்றாள்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் ஜிபியை உட்கார வைத்தார்கள். செல்வப்பிரியா நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து சுவரோரமாக நின்றாள். பெரியமுத்து ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலைக்குப் போயிருந்தார். சுருளியம்மாள் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், நகக்கண்ணெல்லாம் கருப்பு. ஜிபி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, செல்வப்பிரியாவைப் பார்த்தாள்.

"நீங்க என்ன டீச்சரு சொல்றீக?"

"இப்ப வேண்டாமுங்க்கா. போனா வளையத்துக்கடியில நிறுத்திப் போடுவாங்க. அப்புறம் அவ கைக்குப் பந்து தட்டறதே மறந்துரும். நான் அப்படித்தான் நின்னேன்."

"நின்னீக. நின்னதுக்குத்தான ஒங்களுக்குக் கவுருமெண்டு வேலை குடுத்தாக?"

"ஆமாங்க்கா. ஆனா இன்னைக்கும் செக்போஸ்ட்டுல நின்னுட்டுத்தான் இருக்கறேன்."

"நிக்கட்டுமே," என்றாள் சுருளியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "நான் ஆயுசு பூராம் செடித் தூருல குந்திக்கிட்டேதேன் கெடக்கேன். எம்மகளாச்சும் நிக்கட்டும்."

இத்தனை வருடக் கூட்டங்களில் செல்வப்பிரியாவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து சிவசங்கரி தலையை நீட்டினாள்.

"அக்கா, அங்கன போனாப் பந்து தட்ட விடுவாகளா?"

"விட மாட்டாங்க கண்ணு."

"அப்பத் திரும்பி வந்து தட்டிக்கிடவா?"

செல்வப்பிரியா ஜிபியைப் பார்த்தாள். "அவங்கம்மா முன்னாடி சொல்லுங்க. அக்டோபர் முடிஞ்சா புள்ள இங்க வந்துரணும். சென்டர் இருக்கணும்."

"ஒறப்பாச் சொல்றேன்," என்றார் ஜிபி. சொல்லும்போது அவர் அதை நம்பினார் என்றுதான் அவளுக்குப் பட்டது.

முகாம் வடக்கே எங்கோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவசங்கரி போன் செய்வாள். சாப்பாடு எல்லாம் ரொட்டி, குளிர் நம்ம ஊர் குளிர் மாதிரி இல்லை என்று ஆரம்பித்து, ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, என்னையப் போஸ்ட் ஆக்கிட்டாகக்கா!"

வருகிறேன் என்று சொல்லி வராமல் ஒருவரைத் தெருவில் காக்க வைத்தால், இந்தப் பக்கத்து இளசுகள் அப்படித்தான் சொல்லும். மலையாளத்திலிருந்து வந்த கேலி. பந்துக்காக நின்றுகொண்டே இருக்கிறேன் என்பதைத்தான் அவள் விளையாட்டாகச் சொன்னாள். செல்வப்பிரியாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனவள் கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அக்டோபரில் ஆட்டங்களைச் சாவடியில் இருந்தபடி செல்போனில் பார்த்தாள். நீலச் சட்டையில் சிவசங்கரி நின்றாள். பிடித்தாள், திரும்பினாள், போட்டாள். தவறென்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் தன்னை எடுத்த படத்தைப் போட்டுக் காட்டுவது போல இருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோது, யாரோ நழுவவிட்ட பந்து அவள் காலடியில் உருண்டு வந்தது. அவள் குனிந்தாள். இடுப்பை இறக்கி, கணுக்கால் உயரத்தில் தட்டிக்கொண்டே இரண்டு பேரைத் தாண்டி, மைதானத்தின் மறுகோடி வரை போனாள். போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. எதிரணி அதை எடுத்துக்கொண்டு போய்ப் புள்ளி சேர்த்தது. பயிற்சியாளர் கையை ஆட்டினார். சிவசங்கரியை வெளியே உட்கார வைத்தார்கள், அதன் பிறகு இறக்கவில்லை.

வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. செல்வப்பிரியா அந்த ஓட்டத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து ஜிபி பேசினார். "சொன்னா கேக்கறதில்லே செல்வா. அடுத்த முகாமுக்கு வேண்டாம்னு எழுதிட்டாங்க. பாலக்காட்டுக்கு ரயில்ல அனுப்பறோம், கூட்டிக்கோ." கொஞ்சம் நிறுத்தினார். "சென்டர் இருக்கும். முட்டைதான் இந்த மாசத்தோட நிக்குது. சாரி."

ரயிலடியில் சிவசங்கரி பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கூன் போட்டு நின்றாள். பஸ் பழனியைத் தாண்டியதும் சொன்னாள்.

"பந்து கால்ல வந்து விழுந்துச்சுக்கா. வேற என்னக்கா செய்ய?"

"வேற ஒண்ணும் செய்ய முடியாது கண்ணு. கடேசில எடது கையில போட்டிருக்கோணும். அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு செல்வப்பிரியாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான்கு நீளக் கால்களையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்வப்பிரியா கம்பம் வரைக்கும் விழித்தே இருந்தாள்.

லயத்து வாசலில் சுருளியம்மாள் காத்திருந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள், உள்ளே போய்ச் சாப்பிடு என்றாள். செல்வப்பிரியாவிடம் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. செல்வப்பிரியா குனிந்து நுழைந்து, முன்பு நின்ற அதே சுவரோரம் நின்றாள். அடுப்பில் வைத்திருந்த கஞ்சியை எடுத்து மகளுக்கு ஊற்றிக்கொண்டே சுருளியம்மாள் திரும்பாமல் கேட்டாள்.

"நீங்க சொல்லிக் குடுத்த வெளையாட்டுதேன் அவள வெளிய தள்ளிருச்சு. அப்படித்தான?"

"அப்படித்தானுங்க்கா."

"இனிமே எம்புட்டு வருசம்?"

"இன்னும் மூணு வருசமாவது ஆகுமுங்க்கா."

"அதுவரைக்கும் ஒங்க திட்டம் இருக்குமா?"

"தெரியலீங்க்கா."

"நீங்களாச்சும் வருவீகளா?"

"பஸ் ஓடற வரைக்கும் வருவேனுங்க."

சுருளியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்தாள். அதன் மேலிருந்த துணிமூட்டையைத் தரையில் தள்ளினாள்.

"ஒக்காருங்க டீச்சரு. வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கீக."

செல்வப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். முட்டி சத்தம் போட்டது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.