தங்கை திரும்பி வரும் அத்தியாயம்

பல் செட்டு செய்யும் பட்டறையில் அவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "பேரு நல்லாத்தான் இருக்கு. தூக்கிட்டுப் போகத்தான் நாலு பேர் இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் குனிந்தபடி, யாரென்றே தெரியாதவர்களின் வாய்க்கு மெழுகில் பல் அடுக்குவது வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. இரண்டு அறையில் ஒன்றில் அவள் படுப்பாள். இன்னொன்றில் இருந்த தங்கையின் கட்டில், துவைத்த துணியைக் குவித்துப் போடும் இடமாகிவிட்டது.

அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் மட்டுமாக அந்த வீட்டில் வெகுகாலம் இருந்தார்கள். தங்கைக்கு நாற்பது தாண்டிக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், தூரத்து ஊர். கிளம்பும்போது தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். "சும்மா உக்காந்திருக்காதக்கா. கதை கதையா அளப்பியே, அதை எழுது."

எழுதினாள். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பக்கம். ஒரு அக்கா, ஒரு தங்கை, அவர்கள் கதை. நாவலில் அக்காவுக்குத் தபால் ஆபீசில் வேலை போட்டுக் கொடுத்தாள், மூக்கைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள். தன்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்!

எழுதியதைத் தங்கைக்குப் போனில் வாசித்துக் காட்டுவாள். ஆரம்பத்தில் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். போகப் போக, பாத்திரம் உருளும் சத்தமும் பிள்ளைகள் சண்டையும்தான் அதிகம் கேட்டன. "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீ படி" என்பாள். ஒருநாள் வேண்டுமென்றே ஒரே பத்தியை இரண்டு தடவை வாசித்தாள் அக்கா. "நல்லா இருக்குக்கா" என்றாள் தங்கை. அதோடு அக்கா வாசித்துக் காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். ஏன் நிறுத்தினாய் என்று தங்கையும் கேட்கவில்லை.

ஒருவழியாக முதல் பிரதி முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் தங்கை பெட்டி படுக்கையோடு அக்காவிடமே திரும்பி வந்துவிடுகிறாள். அதை எழுதியபோது அவளுக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. கொஞ்ச நாள் ஆறப்போட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தாள். அக்காக்காரியின் நீள நீளமான பேச்சுகளை வெட்டினாள். அழகுக்காகப் பெய்யவைத்த மழையை நிறுத்தினாள். கடைசி அத்தியாயம் மட்டும் மசியவில்லை. மெழுகில் ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடித்துவிடுவாள். இதில் எது துருத்துகிறது என்று பிடிபடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, ஆபீஸ் வேலையாகத் தங்கை வந்தாள். இரண்டு நாள் தங்கல். அக்கா கட்டிலில் இருந்த துணியை அள்ளிவிட்டுப் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். தங்கை பையைக் கதவோரமாகவே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, சர்க்கரை எங்க வச்சிருக்க?"

சர்க்கரை வைத்த இடத்தில்தான் இருந்தது. அந்த டப்பாவுக்கு அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவளே தங்கைதான்.

"மேல் தட்டு" என்றாள் அக்கா.

"அட, ஆமால்ல! எங்க வீட்ல கீழ் தட்டு, அதான் கை அங்கயே போகுது."

எங்க வீடு. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரித்தாள், உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், முகத்தில் நல்ல தெளிவு. அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கை ஊருக்குப் போன பிறகும் அந்த விரிப்பை இரண்டு நாள் எடுக்காமலே வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி அத்தியாயத்தை மொத்தமாக அழித்தாள். தங்கை வருகிறாள், சர்க்கரை எங்கே என்று கேட்கிறாள், போய்விடுகிறாள். மூன்றே பக்கம். இந்தத் தடவை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முடிவு மாறியதால் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொட வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்காலம் வரை அதே வேலை.

தங்கை போனில் கேட்டாள். "கடைசில அவ திரும்பி வந்துடறா, இல்ல?"

"வர்றா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறா."

"அப்ப அந்த அக்கா?"

"அவ பாட்டுக்கு இருக்கா. வேலைக்குப் போறா, வர்றா."

"பாவம்க்கா அவ."

"பாவமெல்லாம் ஒண்ணுமில்ல. அனுப்புறேன், படிச்சுட்டுச் சொல்லு."

பிரதி எடுத்துத் தங்கைக்கு ஒன்று, ஒரு பதிப்பகத்துக்கு ஒன்று அனுப்பினாள். "வந்து சேர்ந்துச்சுக்கா, லீவு கிடைச்சதும் நிதானமா படிக்கணும்" என்று தங்கை செய்தி போட்டாள். இன்னும் லீவு கிடைக்கவில்லை.

பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. முன்பாதியைக் குறைத்துக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம், முடிவில் மட்டும் கை வைக்க வேண்டாமாம். யாரிடம் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். தங்கைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பட்டறை வாசலில், கிளினிக்குகளிலிருந்து பல் அச்சுகளைக் கொண்டுவரும் வண்டிக்காரர் நின்றிருந்தார். அவரிடமே சொன்னாள்.

"நாவலா? நீங்களா? நல்லதுக்கா, நல்லது" என்று மனசாரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வந்த அச்சுகளை அவள் கையில் கொடுத்தார். அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டு மெழுகை உருக்க வைத்தாள். முன்பாதியில் எதை எடுக்கலாம் என்று மனசு அப்போதே தேட ஆரம்பித்திருந்தது.