தோய்க்காத சாரம்

முகாமிலிருந்து கொண்டுவந்த, மாமா இடுப்பில் கட்டிய சாரத்தை அம்மா உடனே தோய்ப்பதில்லை. மேலுக்குப் போடும் சேட்டை மட்டும் சவர்க்காரம் போட்டு ஊறவைப்பார். சாரத்தைச் சமைக்கிற குசினிக்குப் பின்னால், மாமரத்துக்கும் வேலிக் கப்புக்கும் இடையே கட்டிய கொடியில் விரித்துப் போடுவார். மறுநாள் காலைவரை அது அங்கேயே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "காத்தாடட்டும், மகள்" என்பார். காற்றாடினால் அழுக்குப் போகாது என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. தன்னாமுனையில் எங்களோடுதான் இருந்தார். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதுவது அவர் தொழில். அதற்கு மேலும் ஒரு வேலை செய்தார். எங்காவது ஆள் பிடிபட்டால், காணாமல்போனால், சுடப்பட்டால், சைக்கிளில் அந்த வீட்டுக்குப் போவார். பெயர், வயது, கடைசியாகக் கண்டவர் யார், என்ன உடுத்திருந்தார் என்பதையெல்லாம் கொப்பியில் எழுதிவருவார். தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் போவார். சுட்டவர் யாரானாலும் எழுதுவார். அதனால் அவரைப் பிடிக்காதவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். கண்டதையும், கண்டவர் சொன்னதையும் மட்டும் எழுதுவது என்பது அவருடைய விதி. அம்மா அந்த விதியை வீட்டுக்குள்ளும் நடத்தினார். பள்ளிக்கூடத்துக் கதை எதைச் சொன்னாலும், "நீ கண்டியா?" என்பதுதான் முதல் கேள்வி.

இவ்வளவு நேர்மையான மாமா ஒரு விஷயத்தில் மட்டும் கள்ளர். அம்மா அவருக்கு இனிப்பை அடியோடு நிறுத்தியிருந்தார். எனக்குப் பூச்சிப்பல் என்பதால் எனக்கும் இனிப்பு இல்லை. அவருக்கும் அப்படி ஏதோ என்று நினைத்திருந்தேன். காலையில் அவர் விழுங்கும் குளிசையையும் பல்லுக்கானது என்றே கணக்கில் எடுத்தேன். ஏறாவூருக்குப் போகும் நாட்களில் மாமா மஸ்கட் என்ற இனிப்பு வாங்கிவருவார். அதைத் தகரப் பேணியில் போட்டு, அவர் அறைக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அவர் ஏறிநின்ற கதிரையைப் பிடித்தது நான் என்பதால் எனக்கும் பங்கு உண்டு. கயிற்றின் மேல்முடிச்சில் மண்ணெண்ணெயில் நனைத்த சீலைத் துண்டு ஒன்றைச் சுற்றுவார்.

"எறும்புதான் புள்ள பெரிய உளவாளி. கொம்மாக்கிட்ட முதல்ல போய்ச் சொல்லுறது அதுதான். இந்த மணத்தத் தாண்டி வராது, பாரு" என்றார்.

வரவில்லை. நான் கண்டேன்.

பிறகு ஒரு காலை ராணுவத்தினர் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொப்பிகளையும் எடுத்துப் போனார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் இடம் தெரிந்தது. வாழைச்சேனைக்குப் போகும் பாதையில், ஒரு பழைய நெற்களஞ்சியத்தைச் சுற்றி முள்கம்பி அடித்துத் தடுப்பு முகாமாக்கியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் போய் ஐந்து நிமிடம் பார்க்கலாம். சுத்தமான உடுப்பைக் கொடுத்து அழுக்கு உடுப்பை வாங்கலாம். சாப்பாடு, மருந்து, கடதாசி எதுவும் உள்ளே போகாது. முதல் நாள் அம்மா குளிசைகளைக் கடதாசிச் சரையாகக் கட்டிக் கொண்டுபோனார். வாசலில் இருந்தவர் தனக்குத் தெரிந்த தமிழில், "இவருக்கு வருத்தம் இல்ல. டொக்டர் பாத்தது" என்று திருப்பித் தந்துவிட்டார். அம்மா சரையைக் கையில் பொத்திக்கொண்டே பஸ்ஸில் வந்தார். வீடு வந்தபோது கடதாசி வியர்வையில் கிழிந்திருந்தது.

அன்று கம்பிக்கு அப்பால் நான் கண்டவை இவை. மாமா சாரத்தை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். வலது காலில் செருப்பு இல்லை. பெருவிரலில் ஒரு துணி கட்டியிருந்தது. நாங்கள் வழிக்கென்று கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, நின்ற நிலையில் முழுவதையும் குடித்தார்.

"கால்ல என்னடா?" என்றார் அம்மா.

"கல்லு வெட்டினது அக்கா. சின்னப் புண்."

"எப்ப?"

"போன மாசம்."

"போன மாசத்துப் புண் இன்னும் சின்னப் புண்ணா?"

மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கொம்மாவ உள்ள விட்டா இவனுகள் எல்லாரையும் விசாரிச்சு முடிச்சிருவா, என்ன புள்ள?" பிறகு அம்மாவிடம், "மத்தப்படி சுகம். இரவில ஒண்டுக்குப் போறதுதான் கரைச்சல். நாலு தரம், அஞ்சு தரம். காவலுக்கு நிக்கிறவன் ஏசுறான்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. போத்தலைத் திருப்பி வாங்கி, அது காலியாக இருந்ததை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாரத்தைக் கொடியில் போட்டுவிட்டு அம்மா கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். நான் குசினி வாசற்படியில் இருந்தேன். சற்று நேரத்தில் மாமரத்திலிருந்து சிற்றெறும்புகள் கயிற்றின் மேல் வரிசையாக வந்தன. சாரத்தில் இறங்கி, முன்பக்கத்தில் ஓரிடத்தில் கூடின.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மாமா உள்ளேயும் ஆள் பிடித்துவிட்டார். யாரோ அவருக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். அதைச் சாரத்து மடியில் ஒளித்துவைத்துத் தின்கிறார். அந்தத் தண்ணீர்த் தாகமும் அதனால்தான். அம்மா சாரத்தைத் தோய்க்காமல் போட்டிருப்பது அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு. அடைபட்டிருக்கும் மனிதர் ஒரு துண்டு இனிப்புத் தின்றதற்கும் ஏச்சு வாங்கவேண்டுமா என்று எனக்கு அம்மாமேல் கோபமே வந்தது.

சாரத்தை உதறினேன். ஒட்டியிருந்தவற்றை ஊதித் தள்ளினேன். விளக்குக்கு வைத்திருந்த போத்தலிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்து, இரண்டு சீலைத் துண்டுகளை நனைத்து, கொடியின் இரண்டு முடிச்சுகளுக்குள்ளும் செருகினேன். மின்சாரம் இல்லாத காலம் அது. எங்கள் உடுப்பு, தலைமயிர், சில நாள் சோறுகூட மண்ணெண்ணெய் மணத்தது. அம்மாவின் மூக்கு அதைத் தனியாகப் பிரித்தறியவில்லை.

மறுநாள் காலை அவர் சாரத்தை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து நிலத்தையும் பார்த்தார். "அம்மாளே" என்று அம்மனைக் கூப்பிட்டு மூச்சு விட்டார். அன்று எனக்குப் புட்டுக்கு ஒரு கரண்டி சீனி கிடைத்தது.

அடுத்த இரண்டு சந்திப்புகளும் அதே மாதிரிப் போயின. மாமாவின் காலில் துணிக்கட்டு விரலிலிருந்து பாதத்துக்கும், பாதத்திலிருந்து கணுக்காலுக்கும் ஏறியது. சேட்டின் தோள்பட்டை தொங்கியது. ஒவ்வொரு முறையும் அம்மா சாரத்தை விரித்தார். ஒவ்வொரு முறையும் நான் சீலைத் துண்டுகளை நனைத்தேன்.

நகரத்தில் ஒரு சட்டத்தரணி மனு எழுதச் சம்மதித்தார். மாமாவை ஆஸ்பத்திரிக்கு மாற்றிப் பரிசோதிக்க உத்தரவு கேட்கும் மனு. அதோடு அம்மா ஒரு சத்தியக் கடதாசியும் கொடுக்கவேண்டும். என்னை விறாந்தை வாங்கில் இருத்திவிட்டு அம்மா உள்ளே போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

"புண் மட்டும் காணாது, தங்கச்சி. மருந்து கட்டுறம் எண்டு ஒரு வரியில மறுமொழி தந்திருவாங்க. நீரிழிவு கூடிப்போச்செண்டு காட்டினாத்தான் மாத்தலாம். அவங்கட டொக்டர் அப்பிடி ஒரு வருத்தமே இல்லயெண்டு எழுதியிருக்கார். நீங்க கண்டது ஏதும் இருக்கா?"

"முந்திக் குளிசை போட்டவன், சேர்."

"அது முந்தி. தாகத்தையும் ஒண்டுக்குப் போறதையும் அவங்க கணக்கில எடுக்கமாட்டாங்க. இப்ப வேற?"

அம்மா குரலைத் தாழ்த்தியிருக்கிறார். "எங்கட அப்பாக்கு இந்த வருத்தம் வந்த நேரம் சாரத்தில எறும்பு மொய்க்கும். அத வச்சித்தான் நாங்க கண்டுபுடிச்சது. இவன்ட சாரத்தையும் விரிச்சுப் பாத்தன். மூண்டு தரம். ஒரு எறும்பும் வரல்ல."

"வந்ததெண்டு எழுதினா ஆரு வந்து பாக்கப்போறான்?"

"காணாததக் கண்டனெண்டு சத்தியம் பண்ணினா, வெளிய வந்தாலும் அவன் என்னோட கதைக்கமாட்டான், சேர்."

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இது எனக்கே நினைவிருக்கிறது. மேசையில் கடதாசிகளின் மேல் ஒரு கூழாங்கல் இருந்தது. சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார்.

"மகள், நீயும் வீட்டிலதானே நிக்கிற. மாமாட சாரத்தில எறும்பு வந்ததக் கண்டியா?"

அம்மாவைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று சொல்லிவிடு என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, விசாரணை பெரிய இடத்துக்கு வந்துவிட்டது, இனி மாமாவைக் காப்பாற்ற என்னைத் தவிர ஆளில்லை என்று மட்டும் தெரிந்தது.

"இல்ல சேர்" என்றேன். "நான் ஒண்டையும் காணல்ல."

"அப்ப நீரிழிவ விட்டிருவம். புண்ண மட்டும் எழுதுவம்."

அம்மா கையெழுத்து வைத்தார். பேனாவை மேசையில் வைத்த பிறகும் கையை எடுக்காமல் இருந்தார்.

மனு தள்ளுபடியானது. புண்ணுக்கு முகாமிலேயே மருந்து கட்டப்படுகிறது, வேறு நோய் இருப்பதாக உறவினர்கூடக் கூறவில்லை என்பது காரணம். சட்டத்தரணி அதை வாசித்துக் காட்டியபோது, கூறவில்லை என்ற இடம் வந்ததும் அம்மா தலையாட்டினார். அது உண்மைதானே.

நீரிழிவுக்காரரின் சிறுநீரில் சீனி கலந்து வரும் என்பதைப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தேன். அப்போது மாமா இறந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. கொடியின் முடிச்சுகளில் என்ன இருந்தது என்பதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வயதில் நான் வெற்றி பெற்றவள். மனுவுக்குப் பிறகு வந்த சந்திப்பில் அந்தச் செய்தியை மாமாவுக்குச் சொல்லத் தவித்துக்கொண்டு போனேன். அம்மா வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தார். மாமாவை இரண்டு பேர் பிடித்துக் கொண்டுவந்து, கம்பிக்கு அப்பால் ஒரு பெட்டியின் மேல் இருத்தினார்கள். நான் முதலில் ஓடிப்போய் அவருக்கு நேரே நின்றேன். காவலுக்கு நின்றவருக்குக் கேட்காதபடி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, 'நான் சொல்லல்ல' என்றேன். விளங்காமல் போய்விடுமோ என்று இன்னொரு முறையும் அசைத்தேன்.

மாமா எனக்கு இரண்டு முழம் தள்ளி, வேலிக் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்காவா?" என்று அந்தக் கம்பத்திடம் கேட்டார்.

காவலாளியை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். மாமா என்ன கெட்டிக்காரர் என்றும் நினைத்தேன். அவரைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, நானும் ஒன்றும் தெரியாதவள்போல முகத்தைத் திருப்பி அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.