பிப்ரவரியில் ஒரு நாள் பூட்டு

வெக்ஸ்கூம் கடற்பாலத்துக்கு முப்பத்தொரு வருடம் காவல் பார்த்தவர் க்ளெம் டரன்ட். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு நண்டுப் படகில் ஏறியவர். எந்தத் தூணில் துரு ஏறியிருக்கிறது என்று இன்ஜினியருக்கே சொல்லித் தருவார். படித்தவன் எவனும் தன் கிட்டே வர முடியாது என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்லுவார். சொன்னதில் தப்பும் இல்லை.

நுழைவுக் கட்டணத்தை நீக்கிய பிறகு யார் வேண்டுமானாலும் பாலத்தில் நடக்கலாம். பிப்ரவரி முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கதவுக்குப் பூட்டு. வேலையில் சேர்ந்த அன்றே, பாலத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் வக்கீல் கிழவர் சொல்லியிருந்தார்: "வருஷத்துக்கு ஒரு நாள் பூட்டணும். எவனாவது வரணும், நீ திருப்பி அனுப்பணும். ஏன் எதுக்குன்னு கேக்காத, பாலத்துக்கு நல்லது."

அந்தக் குளிரில் எவன் வருவான்? அதனால் கூட்டாளி பெர்ஸி ஆல்காக்கை வரச் சொல்லிவிடுவார். பெர்ஸி தூண்டிலோடு வந்து கதவை ஆட்டுவார்.

"தொறடா க்ளெம்."

"இன்னிக்கு முடியாது, போடா."

"கடல் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"கடல் யாரோடதோ, கதவு என்னோடது."

அப்புறம் இரண்டு பேரும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, வினிகரை ஊற்றித் தின்பார்கள். மனைவி ஐவிக்கு ஆபரேஷன் நடந்த வருடம்கூட, பூட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கம்பெனி கைமாறியது. புது முதலாளி பாலத்தைப் பிரித்து இரும்பு விலைக்குப் போடப் பார்த்தான். ஊர் வழக்குப் போட்டது. இருபது வருடம் ஜனங்கள் ஒரு நாள்கூடத் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி, எவனும் மூட முடியாது என்பது சட்டம். வழக்கை நடத்திய ஊர்க் கமிட்டிக்குப் பெர்ஸிதான் தலைவர். ஊர் தரப்பு வக்கீல் மிஸ் ஹால்ஸி முன்கூட்டியே க்ளெம்மைக் கேட்டாள்: "யாரையாவது தடுத்ததுண்டா?"

"ஒருத்தரையும் இல்லம்மா." பெர்ஸியை அவர் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை.

விசாரணை அன்று டவுன் ஹால் நிரம்பி வழிந்தது. முதலாளியின் வக்கீல் தேன் ஒழுகப் பேசினான்.

"முப்பத்தொரு வருஷம், பெரிய உழைப்புங்க. கதவைப் பூட்டுறதும் உங்க பொறுப்புதானே?"

க்ளெம் நெஞ்சை நிமிர்த்தினார். "வருஷத்துக்கு ஒரு நாள். ஒரு வருஷம் தவறினதில்ல."

"கடைசி இருபது வருஷத்துலயும்?"

"புயலடிச்சாலும் பூட்டினேன். பெர்ஸியையே கேளுங்க, வருஷாவருஷம் அவனைத்தான் விரட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் ஹால்ஸி பேனாவைக் கீழே வைத்தாள். பெர்ஸி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் க்ளெம்முக்கு உறைத்தது.

மிஸ் ஹால்ஸி எழுந்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வருஷமெல்லாம் சரியா ஞாபகம் இருக்கா?"

மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்த நாக்கு புரளவில்லை.

"முப்பத்தொரு தடவையும் பூட்டினேம்மா." குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை.

வெளியே வந்ததும் பெர்ஸியின் கையைப் பிடித்தார். "பாலத்துக்கு நல்லதுன்னு சொன்னான்டா அந்தக் கிழவன்."

"சொன்னவன் கம்பெனிக்காரன்டா. விடு, நானும்தான் வந்து வந்து நின்னேன்."

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: தனியார் சொத்து. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பூட்டிச் சாவியை ஒப்படைக்கும்படி க்ளெம்முக்கு ஒரு கடிதம். போனார், பூட்டினார். வருடாவருடம் எண்ணெய் போட்ட பூட்டு, முரண்டு பிடிக்கவில்லை. காரில் வந்த முதலாளியின் ஆள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பெர்ஸி தூண்டிலோடு வந்தார். கதவை லேசாக ஆட்டினார்.

"தொறடா க்ளெம்."

க்ளெம் பழக்க தோஷத்தில் சாவிக்காகக் கோட்டுப் பையில் கையை விட்டார்; பை காலி.