கன்னிக்காலில் கொப்புளம்

எங்கள் முற்றத்தில், கிணற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு முள்முருக்கு நிற்கிறது. மகளின் கலியாணத்துக்கு நாள் பார்த்துப் பந்தலில் ஊன்றிய கன்னிக்கால். கலியாணம் முடிந்தபின் அந்தத் தடியை நாங்கள் பிடுங்குவதில்லை. அது வேர்விட்டுத் தளிர்த்தால் சோடி நன்றாக இருக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கதை. நம்புகிறீர்களா என்று கேட்டால், மகளைக் கட்டிக்கொடுக்கும்வரை நான் நம்பவில்லை.

மருமகன் கலியாணம் முடிந்த கையோடு கட்டாருக்குத் திரும்பிவிட்டார். "விசா சரிவந்த உடனே கூப்பிடுறன் மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மகள் உப்புவெளியில் என்னோடு இருந்துகொண்டாள். விடிந்தால் பல் தீட்டுவதற்கு முதலே வாளியோடு அந்தத் தடிக்குப் போவாள். முதல் தளிர் விட்ட அன்று படம் எடுத்து அனுப்பினாள். அவரும் உடனே போன் எடுத்துக் கதைத்தார். அதன்பிறகு இலைக்கு ஒரு படம்.

"ஏன் பிள்ளை, நீ புருசனைக் கட்டினனியோ, முருக்கைக் கட்டினனியோ?" என்று குசினிக்குள் நின்று பகிடி பண்ணுவேன்.

"சும்மா இருங்கோ அம்மா!"

நான் எங்கே சும்மா இருந்தேன்? மீன் கழுவிய தண்ணீர், மாட்டெரு, ஆட்டுப் புழுக்கை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினேன். தளிருக்கு மேல் தளிராகத் தள்ளியது. பிறகு ஒருநாள் பார்த்தால் நுனிகளெல்லாம் திரண்டு பருத்து நின்றன. மொட்டு என்றே நினைத்தேன். ஊன்றிய கால் இவ்வளவு கெதியாய் மொட்டு வைத்தால் யாருக்குத்தான் தலைகால் தெரியும்? சம்பந்தி அம்மாவுக்குப் போன் எடுத்து, "உங்கட மருமகளின்ர கால் பூக்கப்போகுது, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் பாருங்கோ" என்று அளந்தேன். மகளும் படம் அனுப்பினாள். அந்தப் படத்துக்கு மறுமொழி வரவில்லை. வேலை கூடவாக்கும் என்றேன்.

பூவும் வரவில்லை. இலைகள் சுருண்டன, காம்புகள் வீங்கின, மரம் முழுக்கக் கொப்புளம் போட்டது. ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே சின்னச்சின்ன அறைகள், அறைக்கொரு வெள்ளைப் புழு, அரிசிக் குறுணியைவிடச் சிறியது.

கொப்பை முறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்.

"இது ஒரு சின்னக் குளவி அம்மா. பறந்தாலும் உங்கட கண்ணுக்குப் பிடிபடாது. இளந்தளிருக்குள்ள முட்டை வைக்கும். மரம்தான் வீங்கி அதுக்கு வீடு கட்டிக் குடுக்குது."

"மருந்து அடிச்சால்?"

"உள்ள இருக்கிறதைக் கொல்லுறது கஷ்டம். கொப்பை வெட்டி எரியுங்கோ. ஆனா மரம் திரும்பத் தளிர்க்க, அதுவும் திரும்ப வரும்."

"கன்னிக்காலை எப்பிடித் தம்பி வெட்டுறது?"

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். "அது உங்கட விருப்பம் அம்மா. இந்தக் கொப்பையாவது கொண்டுபோய் எரியுங்கோ."

அப்போ நான் சுமந்து கொட்டிய எருவெல்லாம் அந்தச் சனியன்களுக்குத்தான் தளிர் வளர்த்துக் கொடுத்திருக்கிறது! யாரைப் போய் ஏச? வீட்டிலே மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மருமகன் போன் எடுப்பது கிழமைக்கு ஒருக்கால் ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிருந்தது. நாங்கள் எடுத்தால் மணி அடித்து ஓயும். மரத்தில் ஒரு கொப்பைத் தொடவும் மகள் என்னை விடவில்லை.

கப்பல்துறையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனபோது பஸ் யன்னலால் வேலிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். முருக்கு நின்ற இடமெல்லாம் அதே சுருட்டல், அதே கொப்புளம். செத்தவீட்டுக்குப் போகிறவள் சந்தோசப்படலாமா? நான் பட்டேன். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளை, எங்கட மரத்துக்கு மட்டுமில்லையடி. வழி நெடுக எல்லாருக்கும் இதுதான். இது வெறும் பூச்சி வருத்தம். குறியுமில்லை, ஒண்டுமில்லை!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் அம்மா. எல்லாற்ற மரத்திலயும் பூச்சிதான். ஆனா அவையின்ர மனுசன்மார் கதைக்கினம்தானே."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"வெட்டுங்கோ அம்மா" என்றாள்.

கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். வீங்கிய கொப்புகளுக்கு நடுவில் ஒரு தளிர் அன்றைக்குத்தான் விட்டிருந்தது, இன்னும் சுருளாமல். எனக்கு ஏலவில்லை. கத்தியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். அதுவும் வீங்கத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

மகள் பின்னால் வந்து நின்றாள். போன் கையில்தான் இருந்தது. படம் எடுக்கவில்லை.