வேலி பின்வாங்கிய வருடம்

மிஷன் ஆசுபத்திரியில் இடது மார்பை விட்டுவிட்டு உடுப்பிட்டிக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கினேன். புற்றுக் கட்டி முழுவதும் போய்விட்டது, பயமில்லை என்று வெள்ளைக்கார டொக்டர் அம்மா சொல்லித்தான் அனுப்பினார். வளவில் அயலட்டைப் பெண்கள் சட்டிகளோடு காத்திருந்தார்கள். ஆசுபத்திரியால் வரும் பெண் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் வருவாள். அதற்கு மட்டுந்தான் எங்கள் ஊருக்குச் சமைக்கத் தெரியும். ஆகவே பத்தியக் கறி. பக்கத்து வளவுக்காரி ஒரு படி மேலே போய்ச் சுறா வறை கொண்டுவந்திருந்தாள். பால் நன்றாகச் சுரக்குமாம்.

“சாப்பிடுங்கோ அக்கா.”

“எனக்குப் பாதி போதும், பிள்ளை.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

இடக்கை உயராததால் கிணற்றுத் துலாவை இழுக்க முடியவில்லை. அந்தப் பெண்களே முறை வைத்து வந்து அள்ளி வார்த்தார்கள். குளிக்க மார்பில் கட்டிய குறுக்குக்கட்டு நழுவிக்கொண்டே இருந்தது. அதைத் தாங்க ஒரு பக்கம்தானே மிச்சம். ஒருத்தி அதைக் கழுத்தோடு சேர்த்து முடிந்துவிட்டாள். எல்லோரும் என் நெற்றியையே பார்த்தார்கள். என் நெற்றிக்கு அவ்வளவு மரியாதை முன்பு கிடைத்ததில்லை.

இதையெல்லாம் தாங்கினேன். தாங்க முடியாதது வேலி. வருடா வருடம் வேலி அடைக்கும்போது பக்கத்து வளவுக்காரி வேலிக் கம்பான கதியாலை ஒரு சாண் என் காணிக்குள் நடுவிப்பாள். நான் நாலு வீட்டுக்குக் கேட்கத் திட்டுவேன். அந்த வருடம் யன்னலால் பார்க்கிறேன், வேலி அடைப்பவரிடம் சொல்கிறாள்: “இங்காலை தள்ளி நடும். அது அக்காவின்ரை காணி.”

மரணத்தைப் பற்றித் தமிழிலும் இங்கிலீசிலும் நிறைய வாசித்தவள் நான். ஒரு புத்தகமும் இப்படிப் பயமுறுத்தியதில்லை.

“ஏனடி வேலியைப் பின்னாலை போட்டனி?”

“சும்மாதான் அக்கா. இருக்குமட்டும் நிம்மதியா இருங்கோவன்.”

“ஆர் இருக்குமட்டும்?”

அவள் வேலிக்குக் கட்டும் ஓலைக் கிடுகை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

டொக்டர் அம்மா படித்தவர். இவள் காணி விசயத்தில் பிழை விடாதவள். நான் இவளைத்தான் நம்பினேன். அந்த வருடம் புதுச் சேலை எடுக்கவில்லை. தடித்த புத்தகம் எதையும் தொடங்கவும் இல்லை.

அடுத்த முறை வேலி அடைத்தபோது கதியால் என் காணிக்குள் வந்தது. விட்டுக்கொடுத்ததற்கு வட்டியும் சேர்த்து இரண்டு சாண். என் எலுமிச்சை மரம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் பிழைத்துவிட்டேன் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. திட்டினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் கிணற்றடியில் ஒருத்தியும் இல்லை. சாகாதவளுக்கு எத்தனை நாளைக்குத்தான் அள்ளுவது? நியாயந்தான். வலக்கையால் மட்டும் துலாவை இழுத்தேன். பாதி வாளி வந்தது.